கடல் தாண்டப் போகும் போன்

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். மகன் ஷார்ஜாவில் இருப்பான், மருமகன் மலேசியாவில் இருப்பார், பேத்தி படிப்புக்காக அமெரிக்கா போயிருப்பாள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்கே போனவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஊர்களில், கையில் கொண்டுபோகும் போனைப் பற்றி யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். பாஸ்போர்ட், விசா, மெடிக்கல், டிக்கெட் எல்லாவற்றையும் நாலு பேரிடம் காட்டிச் சரிபார்க்கிற குடும்பம், போன் விஷயத்தில் மட்டும் "அன்லாக் செட்டுதான், எந்த சிம்மும் எடுக்கும்" என்று கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறது.

அந்த வார்த்தை பொய் இல்லை, பாதி உண்மை. லாக் இல்லாத செட்டாகவே இருந்தாலும் அந்த நாட்டு அலைவரிசை அதில் இருக்கிறதா, அங்கே பேச்சு எந்த வழியில் போகிறது, வாங்கப் போகும் சிம்மைப் போட இடம் இருக்கிறதா, ஊர் நம்பரை என்ன செய்வது என்று பார்க்க வேண்டியவை வரிசையாக நிற்கின்றன. இறங்கின முதல் நாளில் போன் வேலை செய்யவில்லை என்றால், கூட்டிப்போக வந்த ஆளைக் கண்டுபிடிப்பதிலிருந்தே தடுமாற்றம் ஆரம்பித்துவிடும். முதல் முறையாக விமானம் ஏறிப் போகும் பையனுக்கு அது சின்னத் தடுமாற்றம் இல்லை.

முதலில் லாக். அமெரிக்கா போன்ற நாடுகளில் போனை நெட்வொர்க் கம்பெனியே மாதத் தவணையில் கொடுக்கும். கடன் அடையும் வரை வேறு கம்பெனி சிம் அதில் ஏறாதபடி செட்டைப் பூட்டி வைத்திருக்கும். 2007இல் முதல் ஐபோன் வந்தபோது அமெரிக்காவில் ஏடி அண்ட் டி சிம்மோடு மட்டும்தான் அதை விற்றார்கள். நம் ஊரில் முழுப் பணத்தையும் கொடுத்து செட்டை வாங்கி, இஷ்டப்பட்ட சிம்மைப் போட்டே பழகிவிட்டோம். ரிலையன்ஸும் டாடா இண்டிகாமும் சிடிஎம்ஏ என்கிற வேறு முறை போன்களை விற்ற காலத்தில் செட்டும் நம்பரும் ஒட்டியே வந்தன. 2017இல் வந்த ஜியோபோன் ஜியோ சிம்மைத் தவிர வேறெதையும் ஏற்காது. இவற்றை விட்டால் இங்கே கடையில் வாங்கும் செட் பெரும்பாலும் அன்லாக்தான். எனவே இங்கிருந்து போகிற போனைவிட அங்கிருந்து வருகிற போனில்தான் லாக் பிரச்சினை அதிகம்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு மாமிக்கு அமெரிக்காவிலிருந்து மகன் ஐபோன் அனுப்பியிருந்தான். அவன் பயன்படுத்திய பழைய செட். மாமி தன் சிம்மைப் போட்டவுடன் சிம் ஆதரிக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து திரை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்துப் பையன் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறான். சிம்முக்கு அடியில் காகிதம் மாதிரி மெல்லிய ஒரு சிப்பை வைத்தால் எடுக்கும் என்று சொல்லி அங்கே விலையும் பேசிவிட்டார்கள். நல்ல வேளை, காசு கொடுப்பதற்கு முன் என்னிடம் வந்தார்கள். அந்தச் சிப், போனை ஏமாற்றி இது அமெரிக்க சிம் என்று நம்பவைக்கும் வேலையைச் செய்கிறது. அடுத்த சாஃப்ட்வேர் அப்டேட்டில் அது செத்துப்போகலாம். உள்ளே லாக் அப்படியேதான் இருக்கும். நான் மாமியின் மகனுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னது இதுதான்: "தவணை பாக்கி இருந்தால் முடித்துவிடு தம்பி. யார் பேரில் கணக்கு இருக்கிறதோ அவர்தான் கம்பெனியிடம் அன்லாக் கேட்க முடியும். ஒவ்வொரு செட்டுக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்ஈஐ எண்ணைக் கொடுத்து நீயே கேள்." சில நாளில் அனுமதி வந்தது. செட்டை வைஃபையில் இணைத்து மறுபடி சிம்மைப் போட்டதும் எடுத்துக்கொண்டது. கடைக்குக் கால் காசு செலவில்லை.

ஐபோனில் இதைப் பார்த்துக்கொள்வது ரொம்ப சுலபம். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட்; கீழே நகர்த்தினால் கேரியர் லாக் என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்று போட்டிருந்தால் பயமில்லை. ஆண்ட்ராய்டில் நேரான வழி, வேறு கம்பெனி சிம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது. பூட்டிய செட்டாக இருந்தால் நெட்வொர்க் அன்லாக் பின் கேட்டு நிற்கும். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து போனைப் பூட்டி விற்கவும் கூடாது, திறந்துவிடக் காசு வாங்கவும் கூடாது. ஜப்பானில் 2021 அக்டோபரிலும் பிரிட்டனில் அதே வருஷம் டிசம்பரிலும் பூட்டி விற்பதை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கினவனுக்குப் பொருள் முழுதாகச் சொந்தமாக வேண்டும். எல்லா நாடும் இந்த வழிக்கு வந்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம்.

சாம்சங் செட்டுகளில் இன்னொரு விதமான பூட்டு வரும். எந்தப் பிராந்தியத்துக்காகத் தயாரானதோ அந்தப் பிராந்திய சிம்மில் முதலில் ஐந்து நிமிஷமாவது பேசினால்தான் மற்ற நாட்டு சிம்களை ஏற்கும். பெட்டியின் மேலே ஸ்டிக்கரில் இது எழுதியிருக்கும். வெளிநாடு போகிறவருக்குப் புதிதாக வாங்கிப் பிரிக்காமலே பெட்டியோடு கொடுத்தனுப்புவது நம் வழக்கம் அல்லவா, அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஊரிலேயே பெட்டியைப் பிரித்து, நம் சிம்மைப் போட்டு, உம்மாவோடு ஐந்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள். தவணையில் எடுத்த செட் என்றால் வேறொரு கவனமும் தேவை. நிதி நிறுவனம் உள்ளே போட்டுவைத்த செயலி, தவணை தவறினால் போனையே முடக்கிவிடும். அதற்கும் சிம் லாக்குக்கும் சம்பந்தமில்லை. அன்லாக் செட் என்று வாங்கியதுகூட அந்நிய ஊரில் அப்படி நின்றுபோகும்.

அலைவரிசை விஷயத்தில் எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு வசதி இருந்தது. ஜிஎஸ்எம் என்கிற 2ஜி முறை வந்த காலத்தில் இந்தியாவில் ஓடியது 900, 1800 மெகாஹெர்ட்ஸ். வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை எல்லாமே அதே இரண்டுதான். அதனால்தான் துபாயிலிருந்து வாப்பா கொண்டுவந்த நோக்கியாவில் நம் சிம் பேசாமல் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவிலோ 850, 1900. நம் இரண்டு பேண்ட், அதாவது அலைவரிசை, மட்டும் கொண்ட செட்டோடு அங்கே போய் இறங்கினவருக்கு அது வெறும் கடிகாரம்தான். இன்றைய 4ஜியிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. பேண்ட் 3 என்கிற 1800, இங்கேயும் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பொது. விலை குறைந்த இந்திய செட்டுகூட அங்கெல்லாம் ஓடிவிடும். அமெரிக்காவில் 2, 4, 12, 13, 66, 71 என்று வேறு எண்கள் வரும். நம் பட்ஜெட் செட்டுகள் பலவற்றில் இவை முழுதாக இருக்காது. நகரத்துக்குள் சிக்னல் வந்து, கொஞ்சம் தள்ளிப் போனதும் காணாமல் போகும். மாணவர்கள் அமெரிக்காவுக்கு செட் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்ப்பதற்கு முன்னால், கம்பெனி தளத்தில் அந்த மாடலுக்கு எதிரே இருக்கும் பேண்ட் எண்களைப் பார்ப்பது நல்லது. ஒரே பெயரில் வரும் செட்டுக்கே நாட்டுக்கு நாடு மாடல் எண் மாறும். எண்கள் அதற்குத் தகுந்தபடி மாறும்.

பெரியவர்கள் விஷயம் இதைவிடக் கவலை தருகிறது. பேரப்பிள்ளையைப் பார்க்க சிங்கப்பூர் போகும் பாட்டி, தனக்குப் பழகிய பட்டன் போனையே எடுத்துப் போவார். சிங்கப்பூரில் 2ஜியை 2017 ஏப்ரலிலேயே மூடிவிட்டார்கள். 3ஜி 2024இல் போய்விட்டது. மலேசியாவில் 2021 முடிவோடு 3ஜி இல்லை. அமெரிக்காவிலும் பெரிய கம்பெனிகள் 2022இல் அதை நிறுத்திவிட்டன. 2ஜி மட்டும் உள்ள பட்டன் போனுக்கு சிங்கப்பூரில் பிடித்துக்கொள்ள ஒரு டவர் கிடையாது. 4ஜி உள்ள ஸ்மார்ட்போனுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. 4ஜி டவர் வழியாகச் சாதாரணக் கால் பேச வோல்ட்டீ என்கிற வசதி வேண்டும். நம் ஊரில் ஜியோ புண்ணியத்தில் 2016க்குப் பிறகு இது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த செட்டில் வோல்ட்டீயைத் திறந்துவிடுவது அந்தந்த நாட்டுக் கம்பெனியின் கையில் இருக்கிறது. தங்கள் பட்டியலில் இல்லாத மாடல் என்றால் டேட்டா மட்டும் கொடுப்பார்கள். வாட்ஸ்அப் ஓடும், யூடியூப் ஓடும், ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டால் கால் போகாது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜியை மூடியபோது, அவசர எண்ணான 000-வைக் கூப்பிட முடியாத செட்டுகளை நெட்வொர்க்கிலிருந்தே விலக்கினார்கள். அங்கே போய் சிம் போட்டவுடன் முதல் வேலையாக யாருக்காவது ஒரு சாதாரணக் கால் போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப் ஓடுகிறதே என்று திருப்தியாகிவிட வேண்டாம்.

இப்போது துபாயிலிருந்து வருகிறவர்கள் ஐபோன் 17 கொண்டுவருகிறார்கள். அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் விற்கும் ஐபோன் 17இல் சிம் போடும் தட்டே கிடையாது, முழுக்க ஈசிம், அதாவது செட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிப்பில் நம்பரை ஏற்றும் முறை. அமெரிக்காவில் இது 2022இல் ஐபோன் 14இலிருந்தே இப்படித்தான். செட் நூற்றுக்கு நூறு அன்லாக். ஆனால் கையில் இருக்கும் பிளாஸ்டிக் சிம்மைச் செருக ஓட்டை இல்லை. இங்கே ஜியோ, ஏர்டெல், விஐ மூன்றிலும் சிம்மை ஈசிம்மாக மாற்றிக்கொள்ளலாம். இருந்தாலும், நாலு நாளைக்கு ஒருமுறை சிம்மைக் கழற்றி வேறு செட்டில் போடுகிற குடும்பத்துக்கு அது வசதிப்படாது. பரிசாகக் கொண்டுவருகிறவர் வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. குறுகிய பயணம் போகிறவர்களுக்கு ஈசிம் அருமையான விஷயம் என்பதையும் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும்போதே வாங்கி ஏற்றிக்கொண்டால், விமானம் தரை தொட்டதும் டேட்டா வந்துவிடும். ஆனால் பயண ஈசிம்களில் பல டேட்டா மட்டும்தான், உள்ளூர் நம்பர் தராது. வேலைக்குப் போகிறவருக்கு உள்ளூர் நம்பர் இல்லாமல் சம்பளக் கணக்குத் திறப்பதுகூடக் கஷ்டம்.

வெளிநாட்டு நெட்வொர்க்கில் மாட்ட வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் அது தனுஷ்கோடியிலேயே நடக்கிறது. அரிச்சல்முனையில் வேனை விட்டு இறங்கின மதுரைக்காரர் ஒருவர் போனைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, நான் எங்கேயும் போகலையே, ரோமிங்னு வருது, இலங்கைக்கு நல்வரவுன்னு மெசேஜ் வேற வருது" என்றார். முகத்தில் உண்மையான பயம். அங்கிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். நடுவில் மரமோ கட்டடமோ மலையோ இல்லை, வெறும் கடல். ஜிஎஸ்எம் முறையில் ஒரு டவர் வழக்கமாக 35 கிலோமீட்டர் வரை உள்ள போனோடு நேரம் பொருத்திப் பேச முடியும். தலைமன்னார்க் கரை அந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. நம் டவர் மெலிந்து அக்கரை டவர் வலுவாகத் தெரியும் இடத்தில், ரோமிங் திறந்திருக்கும் போன் அக்கரைக்குத் தாவிவிடும். 2006இலிருந்து இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றுதான் என்பதால் கடிகாரம் மாறாது. அதனால் பல பேர் கவனிப்பதே இல்லை. வெளிநாட்டு ரோமிங் திறந்து வைத்திருக்கும் போஸ்ட்பெய்டுகாரர் டேட்டா ரோமிங்கையும் போட்டு வைத்திருந்தால், செல்ஃபி ஏற்றுகிற அந்தப் பத்து நிமிஷம் பில்லில் வந்து நிற்கும்.

அவர் போனை வாங்கி அங்கேயே சரிசெய்து கொடுத்தேன். டேட்டா ரோமிங்கை அணைத்தேன். மொபைல் நெட்வொர்க்கில் தானாகத் தேர்ந்தெடு என்பதை எடுத்துவிட்டு, வந்த பட்டியலில் நம் கம்பெனியின் பெயரைத் தொட்டேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நம் டவரைப் பிடித்தது. அதன்பின் சிக்னல் இல்லாமல் போனாலும் போகுமே தவிர அக்கரைக்குத் தாவாது. ராமேஸ்வரம் வந்ததும் மறுபடி தானாக என்று மாற்றிக்கொள்ளச் சொன்னேன். இல்லாவிட்டால் அடுத்த முறை வெளியூர் போகும்போது, சிம் இருந்தும் டவர் கிடைக்காமல் அலைய நேரும். கடலுக்குப் போகிற தம்பிகளும் இதையே செய்துவைக்கலாம். ஆபத்தில் கரைக்குப் பேச வேண்டிய போன், ரோமிங்கில் தாவி பேலன்ஸ் இல்லாமல் நிற்கக் கூடாது.

ஊர் நம்பரைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. துபாய் போய் உள்ளூர் சிம் வாங்கினதும் இந்திய சிம்மைக் கழற்றி பர்ஸில் போட்டு மறந்துவிடுகிறார்கள். பேங்க் ஓடிபி அதில்தான் வரும், ஆதார் ஓடிபியும் அதில்தான். ரீசார்ஜ் முடிந்து, 90 நாள் ஒரு பயன்பாடும் இல்லாமல் போனால் கம்பெனி அந்த நம்பரை நிறுத்திவிடலாம். அப்புறம் கொஞ்ச காலம் கழித்து அது வேறொருவர் கைக்குப் போகும். உங்கள் பேங்க் கணக்கோடு இணைந்த நம்பர் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கிளம்பும்போது கேட்டான், "காக்கா (அண்ணே), ரெண்டு சிம்மும் போட்டு வச்சா இந்திய சிம்முக்குக் காசு ஏறாதா?" ஏறாது. இரண்டு சிம் போடும் செட்டில் இந்திய சிம்மை ஒன்றில் வைத்து, அதற்கு டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும். டேட்டாவுக்கும் பேச்சுக்கும் உள்ளூர் சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரோமிங்கில் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு நம் கம்பெனிகள் பொதுவாகக் காசு எடுப்பதில்லை. கால் வந்து எடுத்தால்தான் செலவு; எடுக்காமல் விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் திருப்பிக் கூப்பிடலாம். முக்கியமாக, இன்டர்நேஷனல் ரோமிங்கைத் திறந்துவிடச் சொல்லி கிளம்புவதற்கு முன்பே கம்பெனி செயலியில் போட்டுவிட வேண்டும். அங்கே போய்த் திறக்கலாம் என்றால் அதற்கும் ஓடிபி கேட்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் அந்த நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் போடுவதை மறக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் நம்பரை மாற்று என்பதைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. இந்திய சிம் செட்டிலேயே இருப்பதால் அது பழைய நம்பரிலேயே ஓடும். நெடுநாள் தங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ பேங்க் கணக்கு வைத்திருந்தால் வெளிநாட்டு நம்பரிலேயே யூபிஐ இணைக்க 2023இலிருந்து வழி இருக்கிறது. அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

உம்ரா போகிறவர்களுக்கு இந்த இரண்டு சிம் ஏற்பாடு ரொம்பவும் உதவும். சவுதியில் சிம் வாங்கக் கைரேகை வைக்க வேண்டும். விமான நிலையத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. மதீனாவில் நபி பள்ளிவாசலின் ரவ்ளாவுக்குள் போக நுசுக் என்கிற சவுதி அரசுச் செயலியில் நேரம் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அதற்கும் ஓடுகிற போன் கையில் வேண்டும். வயதானவர்கள் குழுவாகப் போகும்போது ஆளுக்கொரு சிம் வாங்கிவிடுங்கள். ஒருவரின் ஹாட்ஸ்பாட்டை நம்பி எல்லோரும் இருந்தால், கூட்டத்தில் அவரைப் பிரிந்த மறு நிமிஷம் எல்லோருடைய போனும் ஊமையாகிவிடும்.

புது சிம்மில் டவர் முழுதாகக் காட்டியும் நெட் வரவில்லை என்றால் பெரும்பாலும் போன் நெட்டோடு இணையும் வழியைச் சொல்லும் ஏபிஎன் அமைப்புதான் காரணம். சிம் வாங்கின கடையை விட்டு நகர்வதற்கு முன் அங்கேயே கேட்டு அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதேபோல் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை வீட்டில் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்வேன். இந்தியாவுக்குள் போன் தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணை வைத்துத்தான் முடக்க முடியும்.

அமீரகத்துக்கு முதல் முறை போகிறவர் வீட்டாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும், கால் மட்டும் போகாது. அது போனின் கோளாறும் இல்லை, சிம்மின் கோளாறும் இல்லை. அந்த நாட்டு விதி. முதல் ராத்திரி கால் இணையாமல் திரும்பத் திரும்ப அடித்து, பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று விடிய விடிய விழித்திருந்த உம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறைக்கும் விபிஎன் செயலியைப் போட்டுப் பேசலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அது அங்கே சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம், வேண்டாம். போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற செயலிகள் இருக்கின்றன. ஆனால் அந்தச் செயலி பேசுகிற இரண்டு பேரிடமும் இருக்க வேண்டும். எனவே அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே வீட்டில் இருக்கும் போனில் அதைப் போட்டு, உம்மாவையே எடுக்கவைத்து ஒரு முறை பேசிப் பார்த்துவிடுங்கள்.